மலை ஏறினால் ஏசி காற்று கண்ணாடிக்கு ஓடுகிறதா? பழைய வேனில் வேக்குவம் வென்ட் கோளாறு பார்க்கும் முறை

சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்து ஷெட்டில் நிற்கும் பழைய அமெரிக்க வேன் ஒன்றை ஆறேழு வருடமாக நான்தான் பார்த்து வருகிறேன். இடதுபக்க ஸ்டியரிங், எட்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர். முதல்முறை சேலத்துக்கு ஓட்டிவந்த டிரைவர் சொன்ன குறை இது: "அண்ணே, கீழ ரோட்டுல ஏசி மூஞ்சிக்கு நல்லா அடிக்குது. அடிவாரம் தாண்டி ஏற ஆரம்பிச்சா கண்ணாடிக்குப் போயிடுது. வளைவுல காலை எடுத்தா திரும்ப மூஞ்சிக்கு வருது."

அவர் சொன்ன அந்த மூன்று வரியிலேயே விடை இருந்தது. ஆனால் அதற்கு முன்பே இரண்டு இடத்தில் டேஷ்போர்டை முழுதாகக் கழற்றி மாட்டியிருந்தார்கள். கிளிப்புகள் உடைந்தன, ஒரு ஒயர் அறுந்தது, குறை அப்படியே இருந்தது. கோளாறு டேஷ்போர்டுக்குள் இல்லை. இன்ஜின் பக்கம், கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் வால்வு ஒன்றில் இருந்தது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். இந்த வகை வண்டியில் காற்று எங்கே போகிறது, எப்போது போகிறது என்பதே கோளாறு எந்தக் குழாயில் என்று சொல்லிவிடும். ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் வண்டியை ஓட்டிப் பாருங்கள், ஓட்டுகிறவரிடம் பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது

நாம் தினமும் கை வைக்கும் வேன்களில் வென்ட் கதவை, அதாவது ஏசி காற்று போகும் திசையை மாற்றும் மடலை, திருப்புவது பெரும்பாலும் கம்பிக் கேபிள்தான். ஃபோர்டு எகோனோலைன், டாட்ஜ் ராம் வேன் போன்ற பழைய அமெரிக்க வேன்களில் அந்த வேலையை இன்ஜினின் வேக்குவம், அதாவது உறிஞ்சும் விசை, செய்கிறது. பழைய மெர்சிடஸ் கார்களிலும் இதே ஏற்பாடு உண்டு. பெட்ரோல் இன்ஜினில் காற்று நுழையும் வாயில் இருக்கும் திராட்டில் மூடியிருக்கும்போது பிஸ்டன்கள் காற்றை இழுக்க, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டில் அந்த விசை உண்டாகிறது. அங்கிருந்து ஒரு மெல்லிய குழாய் புறப்படும். வழியில் ஒரு செக் வால்வு, அதாவது ஒருவழி வால்வு. அடுத்து வேக்குவத்தைச் சேர்த்துவைக்கும் ஒரு பிளாஸ்டிக் டப்பா. பிறகு குழாய் இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டைத் துளைத்து உள்ளே போய், ஏசி குமிழுக்குப் பின்னால் இருக்கும் செலக்டர் சுவிட்சில் சேரும். சுவிட்சிலிருந்து பல நிறத்தில் ஈர்க்குச்சி பருமனுக்குக் குழாய்கள் பிரிந்து ஒவ்வொரு கதவுக்கும் போகும். கதவைத் திருப்புவது ரப்பர் டயாபிரம், அதாவது ரப்பர் சவ்வு, வைத்த ஒரு சின்ன டப்பா. வேக்குவம் வந்தால் டயாபிரம் கம்பியை இழுக்கும், போனால் ஸ்பிரிங் கதவைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும்.

அந்தப் பழைய இடம் எது என்பதுதான் முக்கியம். வேக்குவம் இல்லாவிட்டால் காற்று முன்கண்ணாடிக்குப் போகும்படி ஸ்பிரிங்கை வைத்திருக்கிறார்கள். குழாய் அறுந்தாலும் ஓட்டுகிறவருக்குப் பாதை தெரிய வேண்டும் என்ற எண்ணம். டிசம்பர் மாதம் விடியற்காலையில் ஏற்காட்டுப் பனிமூட்டத்துக்குள் வண்டி ஓட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆகவே காற்று கண்ணாடிக்கு ஓடினால் அதற்கு ஒரே பொருள்: கதவுக்கு வேக்குவம் போய்ச் சேரவில்லை.

ஏற்றத்தில் மட்டும் கண்ணாடிக்குப் போகிறது, காலை எடுத்தால் திரும்புகிறது

ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் திராட்டில் திறந்துகொள்ளும், மேனிஃபோல்டில் வேக்குவம் ஏறத்தாழ இல்லாமலே போய்விடும். சமதளத்தில் அது ஓவர்டேக் செய்யும் சில நொடிகள்தான். சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு வளைவுக்கு நடுவே கால் ஆக்சிலரேட்டரை விட்டு எழுவதே இல்லை. அந்த நேரத்துக்கென்றுதான் சேமிப்பு டப்பாவும் செக் வால்வும் இருக்கின்றன. மேனிஃபோல்டு வெறுமையானாலும் டப்பாவில் இருக்கிற வேக்குவம் இன்ஜின் பக்கம் ஓடிவிடாமல் வால்வு பிடித்துக்கொள்ள வேண்டும்.

எனவே இந்த அறிகுறி வந்தால் சந்தேகம் மூன்று இடத்தில்: செக் வால்வு, சேமிப்பு டப்பா, அதற்குப் பிறகு எங்காவது மெல்லிய கசிவு.

வண்டியை நிழலில் நிறுத்தி இப்படிப் பாருங்கள். இன்ஜினை ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், ஓடவிட்டு காற்றை முகத்துக்கு வையுங்கள். இன்ஜினை அணைத்து, உடனே சாவியை மட்டும் ஆன் செய்து ப்ளோயரை ஓட்டுங்கள். நடு வென்ட்டுக்கு முன் கையை வைத்துக் காத்திருங்கள். ஆரோக்கியமான வண்டியில் பல நிமிடம் காற்று இடம் மாறாது. அணைத்த நொடியே 'டப்' என்று கதவு விழுந்து காற்று கண்ணாடிக்குப் போனால் செக் வால்வு பிடிக்கவில்லை. அரை நிமிடம், ஒரு நிமிடம் தாங்கி மெதுவாக நழுவினால் வால்வு பெரும்பாலும் நல்லது, கசிவு அதற்கு அப்பால்.

வால்வைக் கழற்றி வாயில் வைத்து ஊதிப் பார்க்கலாம், ஆனால் நன்றாகத் துடைத்துவிட்டு. ஒரு பக்கம் காற்று போக வேண்டும், எதிர்ப்பக்கம் துளிகூடப் போகக்கூடாது. திரும்ப மாட்டும்போது திசை முக்கியம்: டப்பாவிலிருந்து இன்ஜினை நோக்கிக் காற்று போக வேண்டும், திரும்பி வரக்கூடாது. திருப்பி மாட்டினால் வேக்குவமே உள்ளே வராது, அடுத்த தலைப்பில் சொல்லும் அறிகுறி வந்து நிற்கும். கழற்றும் முன்பே இன்ஜின் பக்கத்தில் வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளி வைத்துவிடுவது என் வழக்கம்.

சேமிப்பு டப்பாவுக்கு சைக்கிள் கடைப் பாடம் போதும். கழற்றி, ஒரு வாயை விரலால் அடைத்து, தண்ணீர் வாளியில் முக்கி, இன்னொரு வாயில் குழாய் மாட்டி மெதுவாக ஊதுங்கள். குமிழ் வரும் இடத்தில் விரிசல். பெரும்பாலும் குழாய் மாட்டும் மூக்கின் அடியில்தான் இருக்கும், வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் பிளாஸ்டிக் அங்கேதான் களைக்கிறது. சோதித்த பிறகு உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் உலர்த்தித்தான் மாட்ட வேண்டும்.

உயரமும் இதில் ஒரு கை போடுகிறது. இதை நான் தெரிந்துகொள்ளவே நாளாயிற்று. கடல் மட்டத்தில் நல்ல பெட்ரோல் இன்ஜின் ஐடிலில் வேக்குவம் கேஜில் 17 முதல் 21 இன்ச் (பாதரசக் கணக்கில்) வரை காட்டும். ஒவ்வொரு 1000 அடி உயரத்துக்கும் ஏறக்குறைய 1 இன்ச் குறையும். சேலம் சுமார் 900 அடி உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 5000 அடி. அதாவது கீழே கேஜில் 19 காட்டும் அதே இன்ஜின், ஒரு கோளாறும் இல்லாமல், மேலே 15 காட்டும். சின்னக் கசிவு ஒன்று இருந்தால் சேலத்தில் ஈடுகொடுத்து ஓடும், மேலே போனதும் வெளியே தெரிந்துவிடும். "கீழ கொண்டுவந்தா சரியாயிடுது, மேல போனா கெடுது" என்று டிரைவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. மேலே எடுத்த ரீடிங்கைக் கீழே எடுத்ததோடு வைத்து இன்ஜின் தேய்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம்.

எப்போதும் கண்ணாடிக்குத்தான், குமிழை எங்கே திருப்பினாலும்

உள்ளே வரும் வேக்குவமே நின்றுவிட்டது. மேனிஃபோல்டிலிருந்து தகடு வரைக்கும் குழாயைக் கையால் தடவிக்கொண்டே வாருங்கள். கண்ணால் மட்டும் பார்த்தால் தப்பிவிடும். முப்பது வருடக் குழாய் மேலே பளபளப்பாகவும் அடிப்பக்கம் வெடித்தும் இருக்கும். லேசாக வளைத்தால் முறுக்குப் போல ஒடியும். பேட்டரிக்குக் கீழே ஓடும் பகுதியைத் தவறாமல் பாருங்கள், ஆசிட் ஆவி பட்டு அங்கே முதலில் போகும். தோட்டத்து ஷெட்டில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டி என்றால் எலியை மறக்காதீர்கள். நான் பார்க்கும் வேனில் ஒரு மழைக்காலத்தில் ஒரு சாண் குழாய் காணாமலே போயிருந்தது. ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் கூடு இருந்தது.

தகட்டுக்கு முன்னால் குழாயைக் கழற்றி, ஐடிலில் விரலை வைத்துப் பாருங்கள். விரலை இறுக்கி உறிஞ்சினால் இன்ஜின் பக்கம் சரி, இனி உள்ளே பார்க்கலாம். உறிஞ்சாவிட்டால் டேஷ்போர்டுப் பக்கமே போக வேண்டாம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். காற்று எப்போதும் கண்ணாடிக்குப் போவதோடு, ஐடில் ஏறி இறங்கி ஆடுகிறது, பிரேக் மிதியும் கல்லாக இருக்கிறது என்றால் இது ஏசி கோளாறு அல்ல. மிதிக்கும் காலுக்கு உதவும் பிரேக் பூஸ்டருக்கும் அதே மேனிஃபோல்டுதான் வேக்குவம் தருகிறது. பெரிய கசிவு வேரிலேயே இருக்கிறது. அந்த நிலையில் வண்டியை மலை இறக்கவே கூடாது. பூஸ்டர் உதவி இல்லாமல் இவ்வளவு கனமான வேனை 20 வளைவில் பிடித்து நிறுத்துவது மனித காலுக்கு ஆகிற காரியம் இல்லை. சந்தேகம் இருந்தால் இன்ஜினை அணைத்துவிட்டு பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள், மிதி இறுகும். மிதித்துப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மெக்கானிக்கை மேலே வரச்சொல்லுங்கள், வண்டி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

பிரேக் நன்றாக இருந்து, வென்ட் குழாய் மட்டும் அறுந்திருக்கிறது, கையில் பொருள் இல்லை என்றால், மேனிஃபோல்டில் அந்தக் குழாய் கிளம்பும் மூக்கை ஒரு ரப்பர் மூடி போட்டு அடைத்துவிடுங்கள். ஐடில் நிதானமாகும், காற்று கண்ணாடிக்கே போய்க்கொண்டிருக்கும், வீடு வந்து சேரலாம்.

முகத்துக்கு வருகிறது, காலுக்கு வரவில்லை (அல்லது நேர்மாறாக)

ஒரு நிலை மட்டும் வேலை செய்யவில்லை என்றால் வேக்குவம் வரத்து நன்றாக இருக்கிறது, அந்தக் குறிப்பிட்ட கதவின் டயாபிரமோ அதற்குப் போகும் குழாயோதான் போயிருக்கிறது. அந்த நிலைக்குக் குமிழைத் திருப்பும்போது மட்டும் 'உஸ்ஸ்' என்று சத்தம் வந்தால் இன்னும் உறுதி. ப்ளோயரை அணைத்துவிட்டுக் கேளுங்கள், இல்லாவிட்டால் காதில் விழாது.

இதற்கு விலை உயர்ந்த கைப்பம்ப் தேவையில்லை. மெடிக்கல் கடையில் 50 மில்லி சிரிஞ்சும் குளுக்கோஸ் ஏற்றும் ட்யூபும் வாங்கிக்கொள்ளுங்கள். செலக்டர் சுவிட்சுக்குப் பின்னால் எல்லாக் குழாய்களும் சேரும் கனெக்டரைக் கழற்றினால் ஒவ்வொரு நிறக் குழாயிலும் தனித்தனியே சிரிஞ்சை மாட்டி இழுக்கலாம். இழுத்ததும் கதவு நகரும் சத்தம் கேட்க வேண்டும், சிரிஞ்சின் தண்டு பின்னோக்கி இழுபட வேண்டும். ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். கையை விட்டதும் தண்டு 'சடக்'கென்று திரும்பினால் டயாபிரம் உயிரோடு இருக்கிறது. தளர்ந்து அப்படியே நின்றால் காற்று எங்கோ புகுந்துவிட்டது. வாயால் உறிஞ்சிப் பார்க்கும் பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. வேண்டாம். அந்தக் குழாயில் பெட்ரோல் ஆவி வந்து போகிறது.

டயாபிரம் டப்பாவில் இரண்டு மூக்கு இருந்தால் பதறவேண்டாம். அது இரண்டு கட்டமாக இழுக்கும் வகை, ஒன்றுக்குப் பாதி தூரம், இரண்டுக்கும் சேர்த்து முழு தூரம். ஒரு மூக்கைச் சோதிக்கும்போது கதவு பாதியில் நிற்பது கோளாறு இல்லை.

குழாய் நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி, வருடத்துக்கு வருடம் மாறும். யாரோ சொன்ன நிறக் கணக்கை நம்பாமல், கழற்றும் முன் மொபைலில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் வேலை கற்கும் பையனுக்கு நான் முதலில் சொல்லித்தந்ததே அதுதான்: "தம்பி, கை வைக்கிறதுக்கு முன்னாடி படம்."

எல்லா நிலையிலும் குமிழுக்குப் பின்னால் சீறல்

செலக்டர் சுவிட்ச். உள்ளே ஒரு தட்டு சுழன்று துளைகளை மாற்றி மாற்றி இணைக்கிறது. தட்டு தேய்ந்தால் நிலைகளுக்கு நடுவே கசியும். குமிழை இரண்டு நிலைக்கு இடையே கொஞ்சம் நகர்த்தி வைத்தால் சீறல் அடங்குகிறதா பாருங்கள், அடங்கினால் சுவிட்ச்தான். அதில் எண்ணெய் விடாதீர்கள், துருநீக்கும் ஸ்பிரே அடிக்காதீர்கள். இரண்டு நாள் நன்றாக இருப்பது போல் தோன்றும், பிறகு ரப்பர் உப்பி ஒட்டிக்கொள்ளும். மாற்றுவதுதான் வழி.

மேக்ஸ் ஏசி போட்டும் லாரிப் புகை உள்ளே வருகிறது

மேக்ஸ் ஏசி என்பது உள்ளே இருக்கும் குளிர்ந்த காற்றையே திரும்பச் சுற்றுவது. வெளிக்காற்றை அடைக்கும் கதவும் பெரும்பாலும் வேக்குவத்தில்தான். மலை இறங்கும் லாரியின் பின்னால் போகும்போது பிரேக் தீய்ந்த வாடை கேபினுக்குள் வந்தால் அந்தக் கதவு மூடவில்லை. சிரிஞ்ச் சோதனையில் டயாபிரம் நன்றாக இருந்தும் கதவு நகரவில்லை என்றால், முன்கண்ணாடிக்குக் கீழே வெளிக்காற்று நுழையும் சல்லடையைத் திறந்து பாருங்கள். காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரத்தடியில் நிற்கும் வண்டியில் அந்த இடம் இலைக் குப்பை மேடாக இருக்கும். மழையில் நனைந்து மட்கிய இலை கதவு இடுக்கில் சிக்கிவிட்டால் எவ்வளவு வேக்குவம் கொடுத்தாலும் கதவு அசையாது. நான் ஒருமுறை இரண்டு கை நிறைய அள்ளியிருக்கிறேன்.

கதவின் விளிம்பில் ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்சும் வயதானால் பிசினாகி ஒட்டிக்கொள்ளும். வென்ட்டிலிருந்து கறுப்புத் தூள் முகத்தில் பறந்து வந்தால் ஸ்பாஞ்ச் உதிர்கிறது என்று அர்த்தம். அதற்கு மட்டும்தான் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஏசி டப்பாவைப் பிரிக்க வேண்டிவரும்.

திசை சரி, குளிர் இல்லை. அல்லது காற்றே மெலிவு

இது வேக்குவம் அல்ல. குளிர்-சூடு கலக்கும் கதவு பல வேன்களில் கேபிளிலோ மின் மோட்டாரிலோ ஓடும். ஒரு வேகத்தில் மட்டும் ப்ளோயர் ஓடினால், அதன் வேகத்தை மாற்றும் ரெசிஸ்டர் போயிருக்கிறது. கேஸ் குறைவு தனிக் கதை. வேக்குவம் குழாயில் கை வைக்காதீர்கள்.

குழாய், ஜாயின்ட்

அசல் குழாய் இங்கே கிடைக்காது, தேவையும் இல்லை. இன்ஜின் பக்கத்துக்குச் சூடு தாங்கும் வேக்குவம் ரப்பர் குழாய் அல்லது சிலிகான் குழாய், அதே உள்விட்டத்தில். சுவர் மெல்லியதாக இருந்தால் வேக்குவத்தில் உள்ளுக்குள் சப்பிப்போய் அடைத்துக்கொள்ளும், விரலால் நசுக்கிப் பார்த்து வாங்குங்கள். மீன் தொட்டிக் கடையின் பிளாஸ்டிக் ட்யூபை டேஷ்போர்டுக்குள் அவசரத்துக்கு வைக்கலாம். இன்ஜின் பக்கம் வைத்தால் ஒரே வாரத்தில் குழைந்துவிடும். இரண்டு துண்டைச் சேர்க்க, சொட்டு நீர்ப் பாசனப் பொருள் விற்கும் கடையில் மைக்ரோ ட்யூபுக்கான ஜாயின்டர் கிடைக்கும். பழைய குழாயில் ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோய் அளவு பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டும் பசை எதுவும் வேண்டாம். பசை காய்ந்து இறுகிய இடத்துக்கு அடுத்தபடியாகத்தான் ரப்பர் மறுபடி வெடிக்கும்.

செக் வால்வும் அப்படித்தான், குழாய் அளவு பொருந்தினால் எந்த வண்டியினுடையதும் ஆகும். பிரேக் பூஸ்டர் வால்வு மட்டும் அளவில் பெரியது, அதைத் திணிக்க முயல வேண்டாம். ஒரு குழாய் வெடித்திருந்தால் அதே வயதுள்ள மற்றவையும் வரிசையில் நிற்கின்றன. இன்ஜின் பக்கத்தில் இருக்கிற எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள்.

முடித்த பிறகு ஓட்டிப் பார்ப்பது

சேலத்துக்குள் சுற்றிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுக்க மாட்டேன். காற்றை முகத்துக்கு வைத்து, அடிவாரத்தில் கிளம்பி மேலே வரை ஓட்ட வேண்டும். பக்கத்து சீட்டில் ஒருவர் நடு வென்ட்டுக்கு முன் கையை எடுக்காமல் வைத்திருக்கட்டும். நீண்ட ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்தமாகப் பிடியுங்கள், காற்று நகரக்கூடாது. ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் வண்டியை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். சாவி மட்டும் ஆன், ப்ளோயர் குறைந்த வேகத்தில். ஐந்து நிமிடம் கழித்தும் காற்று முகத்திலேயே இருந்தால் இறங்கலாம்.